எம்பிபிஎஸ் கவுன்சிலிங்: எந்தக் கல்லூரியை எத்தனாவது சாய்ஸாகப் போடுவது?

தேரடி_வீதி

வணக்கம். தங்கைக்காகக் கேட்கிறேன். 6 முதல் 12 வரை தமிழ்நாட்டில்தான் படிப்பு, பிசி பிரிவு. போன வருடக் கணக்கைப் பார்த்தால் அவளுடைய நீட் ரேங்க் அரசுக் கல்லூரி விளிம்பில் நிற்கிறது. வரலாம், வராமலும் போகலாம். சந்தேகங்கள்:

1. தமிழ்நாடு கவுன்சிலிங் மட்டும் போதுமா, எம்சிசியிலும் (மத்திய அரசின் மருத்துவக் கவுன்சிலிங் குழு) பதிய வேண்டுமா?
2. "கிடைக்கிற கல்லூரியை மேலே போடுங்கள், இல்லாவிட்டால் சாய்ஸ் வீணாகும்" என்று பலரும் சொல்கிறார்கள். நிஜமா?
3. பழைய கல்லூரி தூரத்தில், புதுக் கல்லூரி பக்கத்தில். எது மேலே?
4. கடன் வாங்கினால் வருடம் நாலஞ்சு லட்சம் சமாளிக்கலாம். அதற்கு மேல் முடியாது. தனியார் கல்லூரிகளைப் போடலாமா?

ஊர் திருவாரூர் பக்கம். விடுதியில் தங்கிப் படிக்கத் தயார்.

பட்டியல்_பித்தன்

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது. எம்பிபிஎஸ் சேர மூன்று விண்ணப்பங்கள் இருக்கின்றன. மூன்றும் தனித்தனி. ஒன்றைப் போட்டால் மற்றது தானாக வராது.

முதலாவது எம்சிசி. எல்லா மாநில அரசுக் கல்லூரிகளும் தரும் 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீடு, எய்ம்ஸ், ஜிப்மர், மத்தியப் பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், இஎஸ்ஐ கல்லூரிகளின் காப்பீட்டாளர் பிள்ளைகளுக்கான இடங்கள் எல்லாம் அங்கேதான். இரண்டாவது, தமிழ்நாடு தேர்வுக்குழுவின் அரசு ஒதுக்கீட்டு விண்ணப்பம். அரசுக் கல்லூரிகளின் 85 சதவீத இடங்களும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு விட்டுக்கொடுக்கும் இடங்களும் இதில் வரும். தனியார் கல்லூரி என்றால் 65 சதவீதம், சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50. மூன்றாவது, அதே தேர்வுக்குழுவின் நிர்வாக ஒதுக்கீட்டு விண்ணப்பம், அதாவது தனியார் கல்லூரிகள் கூடுதல் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளும் மீதி இடங்களுக்கு. இதற்குக் கையேடும் கட்டணமும் வேறு. "அரசு ஒதுக்கீட்டுக்குப் போட்டாயிற்று, நிர்வாகமும் அதிலேயே வந்துவிடும்" என்று நினைத்து கடைசித் தேதியை விடுபவர்கள் எல்லா வருடமும் உண்டு. நீங்கள் 4-ல் சொன்ன கணக்குப்படி மூன்றாவது உங்களுக்குத் தேவைப்படாது.

எம்சிசியில் பதியுங்கள். ஓபிசிக்கு (மத்திய அரசுக் கணக்கில் பிசி இந்தப் பிரிவில்தான் வரும்) பதிவுக் கட்டணம் 500, திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை 5,000. பொதுப் பிரிவுக்கு 1,000-மும் 10,000-மும். நிகர்நிலையும் வேண்டும் என்று டிக் அடித்தால் அது 5,000 கட்டணம், 2 லட்சம் வைப்பு என்று மாறிவிடும். தேவையில்லாமல் அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு பதியுங்கள். மாநிலத்தில் விளிம்பில் நிற்பவருக்கு அகில இந்திய ஒதுக்கீட்டில் அரசு இடம் பெரும்பாலும் எட்டாது. அங்கே நாடு முழுவதும் போட்டி, ஓபிசிக்கு 27 சதவீதம்தான். இங்கே 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பிசிக்கு மட்டுமே 26.5. முன்பெல்லாம் இரண்டாம் சுற்றுக்குப் பிறகு நிரம்பாத அகில இந்திய இடங்கள் மாநிலத்துக்குத் திரும்பி வரும். 2021-22 முதல் அது கிடையாது. அதை நம்பிக் காத்திருக்கச் சொல்பவர் பழைய கணக்கில் இருக்கிறார்.

வாய்தா_வக்கீல்

இரண்டாவது கேள்விக்கு என் கருத்து: கிடைக்க வாய்ப்புள்ளதை முதல் பத்துக்குள் வைப்பதுதான் புத்திசாலித்தனம். விளிம்பில் இருப்பவர் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ், ஸ்டான்லி என்று ஆரம்பித்தால், கம்ப்யூட்டர் அவருடைய இருபதாவது சாய்ஸுக்கு வருவதற்குள் அந்தக் கல்லூரியை முதல் சாய்ஸாகப் போட்டவன் எடுத்துவிடுவான்.

கணக்குப்_பிள்ளை

இல்லை சார், இது முழுத் தவறு. இந்த ஒரு தவறான நம்பிக்கையால்தான் நிறையப் பிள்ளைகள் தங்கள் ரேங்குக்குக் கிடைக்க வேண்டியதைவிடக் கீழான கல்லூரியில் போய் உட்காருகிறார்கள்.

ஒதுக்கீடு நடக்கும் விதம் இதுதான். கம்ப்யூட்டர் கல்லூரி வாரியாகப் போவதில்லை, ஆள் வாரியாகப் போகிறது. ரேங்க் 1-ஐ எடுக்கும், அவர் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும், காலியாக இருக்கிற முதல் இடத்தைக் கொடுக்கும். பிறகு ரேங்க் 2. இப்படியே இறங்கும். உங்கள் தங்கையின் முறை வரும்போது அவருக்கு முன்னால் இருப்பவர்கள் அத்தனை பேரும் எடுத்து முடித்திருப்பார்கள், பின்னால் இருப்பவர் ஒருவர்கூட எடுத்திருக்க மாட்டார். அப்போது நாகப்பட்டினத்தில் ஒரு பிசி இடம் மிச்சம் இருந்தால், அவர் அதை 1-வது சாய்ஸாகப் போட்டிருந்தாலும் 41-வதாகப் போட்டிருந்தாலும் அது அவருக்குத்தான். அவருக்கு அடுத்த ரேங்க்காரர் அதை முதல் சாய்ஸாகப் போட்டிருந்தாலும் தொட முடியாது.

மேலே எட்டாத கல்லூரியைப் போட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் தாண்டிப் போகும், அவ்வளவுதான். எட்டக்கூடியதை எட்டாததற்கு மேலே வைத்தால்தான் நஷ்டம். அந்த வருடம் எதிர்பாராமல் கட்-ஆஃப் இறங்கி மேலான கல்லூரி திறந்திருக்கும். ஆனால் இவர் பட்டியலில் சுமாரான கல்லூரி மேலே இருப்பதால் அங்கேயே நின்றுவிடும்.

எனவே விதி ஒன்றுதான்: இரண்டு கல்லூரியும் கையில் கிடைத்தால் எதில் சேருவாரோ அது மேலே. கட்-ஆஃபை வைத்து வரிசையை மாற்றக் கூடாது. பட்டியல் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள மட்டும் கட்-ஆஃப் பாருங்கள்.

வாய்தா_வக்கீல்

அப்படியானால் எல்லாக் கல்லூரியையும் போட்டுவிடலாமே? எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

கணக்குப்_பிள்ளை

சேர மாட்டோம் என்று தெரிந்ததைப் போடக் கூடாது. அதுதான் இரண்டாவது விதி. கிடைத்த பிறகு சேராமல் விட்டால், சுற்றைப் பொறுத்துப் பணமோ வாய்ப்போ போகும். ஆராய்ச்சி முழுக்க இரண்டு இடத்தில்தான்: சேருவோம், சேர மாட்டோம் என்பதற்கு நடுவே கோடு எங்கே போடுவது, கோட்டுக்கு மேலே இருப்பவற்றின் வரிசை என்ன.

பட்டியல்_பித்தன்

கணக்குப்பிள்ளை சொன்னதோடு, கட்-ஆஃப் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

மதிப்பெண்ணை வைத்து ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். 2024-ல் 650 என்பது அகில இந்திய அளவில் 20 ஆயிரத்துக்கும் வெளியே இருந்தது. 2025-ல் வினாத்தாள் கடினம், முதலிடமே 686. 650-க்கு மேல் எடுத்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 162-லிருந்து 144-க்கு இறங்கியது. 2024 கட்-ஆஃபை 2025 மதிப்பெண்ணோடு வைத்துப் பார்த்தவர்கள் இடமே கிடையாது என்று முடிவுகட்டி, தேவையில்லாமல் நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் பணம் புரட்ட ஓடினார்கள். எனவே ரேங்கை ரேங்கோடு மட்டும்.

எந்த ரேங்க்? மாநிலத் தரவரிசைப் பட்டியலில் பொது ரேங்க், சமுதாய ரேங்க் என்று இரண்டு இருக்கும். பிசி இடத்துக்கு சமுதாய ரேங்கைப் பாருங்கள். தேர்வுக்குழு ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியிடும் ஒதுக்கீட்டுப் பட்டியலைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள், குறைந்தது இரண்டு வருடத்துக்கு. அதில் மாணவரின் பிரிவு ஒரு கட்டத்திலும், இடம் ஒதுக்கப்பட்ட பிரிவு இன்னொரு கட்டத்திலும் இருக்கும். பிசி மாணவர் பலர் பொதுப் பிரிவு இடத்தில் சேர்ந்திருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஒதுக்கப்பட்ட பிரிவு பிசி என்று இருக்கும் வரிகளை மட்டும். கல்லூரி வாரியாக அவற்றைப் பிரித்து, கடைசி ரேங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். விரிதாளில் போட்டால் ஒரு மாலை வேலை.

முதல் சுற்றின் கடைசி ரேங்க் எப்போதும் இறுக்கமாக இருக்கும். எய்ம்ஸ், ஜிப்மர், அகில இந்திய ஒதுக்கீட்டில் போகிறவர்கள் இடத்தை விட்டுப் போன பிறகு இரண்டாம் சுற்றில் கொஞ்சம் இறங்கும். மூன்றாம் சுற்றின் எண்ணை நம்ப வேண்டாம். யாரோ ஒருவர் விட்ட ஓர் இடத்தில் யாரோ ஒருவர் சேர்ந்ததால் வந்த எண் அது, அடுத்த வருடம் திரும்ப வராது.

உங்கள் சமுதாய ரேங்க் போன வருடக் கடைசி எண்ணைவிட 15, 20 சதவீதம் பின்னால் இருந்தாலும் அந்தக் கல்லூரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த சதவீதம் என் வழக்கம்தான், எந்தக் கையேட்டிலும் இல்லை. இடங்கள் கூடும் வருடத்தில் இந்த இடைவெளிதான் கைகொடுக்கும்.

தேரடி_வீதி

தெளிவாகப் புரிந்தது, நன்றி சார். மூன்றாவது கேள்வி இன்னும் நிற்கிறது. தஞ்சாவூர், திருச்சி போன்ற பழைய கல்லூரிகள் ஒரு பக்கம், திருவாரூர், நாகப்பட்டினம், அரியலூர் ஒரு பக்கம். எல்லாம் ஒரே எம்ஜிஆர் பல்கலைக்கழகப் பட்டம்தானே?

வார்டு_9

பட்டம் ஒன்று. தேர்வும் ஒன்று. படிப்பு ஒன்றல்ல.

2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 கல்லூரிகள் திறக்கப்பட்டன: விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி. மொத்தம் 1,450 இடங்கள். விளிம்பில் இருப்பவர்களுக்கு இந்தப் பதினொன்றுதான் உயிர்நாடி. கட்டடம் புதுசு, விடுதி புதுசு, வகுப்பறை நன்றாகவே இருக்கும். முதல் வருடத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் படிக்கும்போது பழைய கல்லூரிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டாம் வருடத்திலிருந்து வார்டுக்குப் போகும்போதுதான் தெரியும்.

அங்கே மூன்று விஷயம் பாருங்கள். முதலில் நோயாளிகளின் எண்ணிக்கையும் வகையும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிப்படி 100 இடத்துக்குக் குறைந்தது 420 படுக்கை, 150-க்கு 605, 250-க்கு 900. எல்லாக் கல்லூரியும் காகிதத்தில் இதைக் காட்டும். படுக்கை நிரம்பியிருக்கிறதா, எதனால் நிரம்பியிருக்கிறது என்பதுதான் கேள்வி. சுற்று மாவட்டங்களிலிருந்து அனுப்பிவைக்கப்படும் நோயாளிகள் வந்து சேரும் மருத்துவமனையில் அரிய நோய், முற்றிய நோய், விபத்து எல்லாம் கண்ணில் படும். புதுக் கல்லூரி அவர்களை மேலே அனுப்பிவைக்கும் இடத்தில் இருக்கிறது.

இரண்டாவது, உயர்சிறப்புத் துறைகள். இதயம், நரம்பு, சிறுநீரகம் போன்ற துறைகளில் முழுநேரப் பேராசிரியர்களும் மேற்படிப்பு மாணவர்களும் இருக்கிறார்களா? மேற்படிப்பு மாணவர்கள் இருக்கும் வார்டில்தான் இளநிலை மாணவருக்குப் படுக்கையோரப் பாடம் கிடைக்கும். பேராசிரியர் காலைச் சுற்று முடித்துப் போய்விடுவார். இரவு பத்து மணிக்குச் சந்தேகம் கேட்டால் பதில் சொல்கிறவர் அந்த மேற்படிப்பு மாணவர்தான். அவர்கள் குறைவாக இருக்கும் இடத்தில் இதற்கு நேர்மாறான நன்மை ஒன்று உண்டு: பயிற்சி மருத்துவராகும்போது கையால் செய்யும் வேலை அதிகம் கிடைக்கும். தையல், பிரசவம், ஊசிக்குழாய் செருகுவது எல்லாம் வரிசையில் நிற்காமல் வரும்.

மூன்றாவது, வளாகத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே தூரம். இதை யாரும் கேட்பதில்லை. சில கல்லூரிகளில் விடுதி ஓரிடம், மருத்துவமனை ஓரிடம். பழைய கல்லூரிகளுக்கும் இது உண்டு. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் மாணவர் மகப்பேறுக்கும் குழந்தை மருத்துவத்துக்கும் எழும்பூர், மனநலத்துக்குக் கீழ்ப்பாக்கம் போக வேண்டும். தஞ்சாவூரில் மகப்பேறு என்றால் ராஜா மிராசுதார் மருத்துவமனை. இதெல்லாம் பஸ்ஸில் சமாளிக்கக்கூடியதுதான். தெரிந்து சேர்ந்தால் நல்லது.

ஆகவே தஞ்சாவூர், திருச்சி மேலே. பிறகு 2010-ல் தொடங்கிய திருவாரூர். அதற்குப் பிறகு 2022 வரவுகள். விடுதியில் தங்கத் தயார் என்றால் வீட்டுக்கும் கல்லூரிக்கும் நாற்பது கிலோமீட்டரா நூற்றிருபதா என்பதற்கு முக்கியத்துவம் கொடுக்காதீர்கள்.

மயிலிறகு

கடைசி வரியோடு முழுதாக உடன்பட முடியவில்லை. உடல்நிலை, குடும்பச் சூழல் காரணமாக மாதம் இருமுறை வீட்டுக்கு வந்தே ஆக வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் வருடத்தில் நான்கு வாய்ப்புக்குள் தேர்ச்சி பெறாவிட்டால் படிப்பே தொடர முடியாது என்பது இப்போதைய விதி. மொத்தப் படிப்பையும் 9 வருடத்துக்குள் முடிக்க வேண்டும். மனம் உடைந்து முதல் வருடத்தில் தடுமாறுவதைவிட, கொஞ்சம் சிறிய கல்லூரியில் நிம்மதியாகப் படிப்பது மேல். வருகைப் பதிவும் வகுப்புக்கு 75, செய்முறைக்கு 80 சதவீதம் கட்டாயம், அடிக்கடி லீவு போட முடியாது.

வார்டு_9

அது நியாயம்தான் அக்கா. ஆனால் அது காரணமாக இருந்தால் வெளிப்படையாக அதற்காக மேலே போடட்டும். "பக்கத்தில் இருக்கிறது" என்ற பழக்கத்துக்காகப் போட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

தேரடி_வீதி

பணம் பற்றி யாராவது? தனியார் கல்லூரி அரசு ஒதுக்கீட்டுக் கட்டணம் எவ்வளவு வரும்?

கணக்குப்_பிள்ளை

கட்டண நிர்ணயக் குழு சொல்லும் தொகைதான் செல்லும். சமீப வருடங்களில் தனியார் கல்லூரி அரசு ஒதுக்கீடு வருடம் நாலரை லட்சத்தை ஒட்டி, நிர்வாக ஒதுக்கீடு பதின்மூன்றரை லட்சத்தை ஒட்டி. கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நிகர்நிலையில் 20 முதல் 30 லட்சம். இந்த வருட ஆணையைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

நாலரை லட்சம் என்று பார்த்து ஏமாற வேண்டாம். அது படிப்புக் கட்டணம் மட்டும். நாலரை வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் ஆகிறது. விடுதி, உணவு, புத்தகம், தேர்வுக் கட்டணம் சேர்த்தால் 25-ஐத் தாண்டும். சில இடங்களில் பஸ், சீருடை, ஆய்வகம், "இதர" என்று தனி ரசீது வரும். சேர்வதற்கு முன் முதல் வருடம் கட்ட வேண்டிய மொத்தத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

கடன் எடுக்கப் போகிறீர்கள் என்றால் சாய்ஸ் போடுவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக அடமானம் கேட்பார்கள். வில்லங்கச் சான்று, சொத்து மதிப்பீடு, சட்டக் கருத்து என்று அதற்கே வாரங்கள் ஓடும். ஒதுக்கீட்டு ஆணை வந்து சேர்வதற்குக் கிடைப்பது சில நாட்கள்தான். முதல் வருடப் பணம் கையில் இல்லாமல் இடம் கை நழுவுவது இப்படித்தான்.

இன்னொன்று, பயிற்சி மருத்துவர் உதவித்தொகை. அரசுக் கல்லூரியில் மாதாமாதம் வரும். தனியாரில் தருகிறார்களா, எவ்வளவு, வங்கிக் கணக்கில் வருகிறதா என்று அங்கே இப்போது பயிற்சியில் இருப்பவர்களைக் கேளுங்கள். அட்மிஷன் அலுவலகத்தைக் கேட்டுப் பயனில்லை.

உங்கள் வரிசையில் அரசுக் கல்லூரிகள் முடிந்ததும் தனியார் அரசு ஒதுக்கீடு. விதிவிலக்காக ஒன்று வேண்டுமானால் பீளமேடு பிஎஸ்ஜி போன்ற நோயாளி வரத்து நிறைந்த பழைய தனியார் கல்லூரியைப் புது அரசுக் கல்லூரிகளுக்கு மேலே வைப்பவர்கள் உண்டு. 20 லட்ச வித்தியாசத்துக்கு அது தகுமா என்றால், கடன் வாங்கும் குடும்பத்துக்கு என் பதில் இல்லை.

கீரைக்கட்டு

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். தம்பி அரசுப் பள்ளி. 7.5 சதவீதத்தில் வருகிறான். அவனுக்கும் இதே கணக்குதானா?

பட்டியல்_பித்தன்

இல்லை, அவனுக்கு வரிசையே மாறும். 7.5 ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டணத்தை அரசு ஏற்கிறது. பணம் என்ற கேள்வி போய்விட்டால், நல்ல பழைய தனியார் கல்லூரியைப் புது அரசுக் கல்லூரிக்கு மேலே தயங்காமல் வைக்கலாம். பொதுக் கலந்தாய்விலும் அவன் பங்கேற்கலாம். ஆனால் அங்கே தனியார் இடம் எடுத்தால் இந்தச் சலுகையை எதிர்பார்க்கக் கூடாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்பதற்கான சான்றைத் தேர்வுக்குழு கேட்கும் படிவத்திலேயே தலைமையாசிரியரிடம் வாங்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் தகுதி உள்ளவர்கள்தான். பலருக்கு இது தெரியாது.

தேரடி_வீதி

எம்சிசியில் வேறு மாநிலக் கல்லூரிகளும் காட்டுகிறதே. அவற்றைப் போடலாமா?

மயிலிறகு

போடுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் மூன்று விஷயம் பாருங்கள்.

பிணைப் பத்திரம். சில மாநிலங்களில் எம்பிபிஎஸ் முடித்ததும் அங்கே அரசுப் பணி கட்டாயம், இல்லையென்றால் லட்சங்களில் அபராதம். எம்சிசி தளத்தில் கல்லூரி விவரப் பக்கத்தில் கட்டணம், பிணை, உதவித்தொகை எல்லாம் போட்டிருக்கும். படித்துவிட்டுப் போடுங்கள். புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி இன்னும் வேறு மாதிரி. எம்சிசியில் விருப்பம் தெரிவிக்க வேண்டும், பிறகு தனியாகத் தேர்வும் நேர்காணலும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு, படித்தபின் ராணுவப் பணி. டெல்லி லேடி ஹார்டிஞ்ச் பெண்களுக்கு மட்டும்.

மொழி. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், நோயாளி ஆங்கிலம் பேச மாட்டார். இரண்டாம் வருடத்திலிருந்து நோயாளியிடம் விசாரித்து எழுத வேண்டும். முதல் வருடத்திலேயே அந்த மொழியைப் பழகத் தயாரா என்று தங்கையைக் கேளுங்கள்.

மேற்படிப்பு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முதுநிலை மருத்துவத்தில் வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்றது. ஆனால் எந்த நிறுவனத்தில் எம்பிபிஎஸ் படித்தார் என்பதற்கு நியாயமான அளவு முன்னுரிமை தரலாம் என்றும் சொன்னது. அதாவது சொந்த ஊர் எது என்பதைவிட எம்பிபிஎஸ் எங்கே படித்தார் என்பதுதான் இனி எடை போடப்படும். மேற்படிப்பைத் தமிழ்நாட்டில் படிக்கும் எண்ணம் இருந்தால் இதைக் கணக்கில் வையுங்கள்.

வார்டு_9

வீட்டில் யாராவது இஎஸ்ஐ காப்பீடு உள்ள தொழிலாளியா? அப்படியானால் கே.கே. நகர் உள்ளிட்ட இஎஸ்ஐ கல்லூரிகளில் காப்பீட்டாளர் பிள்ளைகள் ஒதுக்கீடு உண்டு. அதற்குத் தனிச் சான்றிதழ் இஎஸ்ஐயிடமிருந்து முன்கூட்டியே வாங்க வேண்டும். தகுதி இருந்தும் தெரியாமல் விடுபவர்கள் ஏராளம். மில், தொழிற்சாலை, கடை வேலை என்று சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் இன்றே விசாரியுங்கள்.

வேலூர் சிஎம்சிக்கு அவர்கள் தளத்திலும் தனி விண்ணப்பம் உண்டு, தேர்வுக்குழுவிலும் பதிய வேண்டும். பெரும்பகுதி இடங்கள் கிறிஸ்தவச் சபைகளின் பரிந்துரை பெற்றவர்களுக்கு. கட்டணம் குறைவு என்பதால் திறந்த இடங்களுக்குப் போட்டி கடுமை.

தேரடி_வீதி

இஎஸ்ஐ இல்லை அக்கா. தங்கையிடம் சாதிச் சான்றிதழ் இருக்கிறது. எம்சிசிக்கும் அதே போதுமா?

மயிலிறகு

போதாது. நமது சாதிச் சான்றிதழ் மாநிலத்துக்கு. எம்சிசிக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதோர் சான்றிதழ் வேண்டும். சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்கட்டும். இ-சேவையில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகம் தரும். "அப்பா சம்பளம் 8 லட்சத்துக்கு மேல், கிடைக்காது" என்று பலர் முயற்சியே செய்வதில்லை. அந்த 8 லட்ச வரம்பில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அரசு ஊழியர் என்றால் அவர் வகிக்கும் பதவியின் பிரிவைப் பார்ப்பார்கள். சான்றிதழ் இல்லாமல் ஓபிசி என்று பதிந்து, இடம் கிடைத்து, கல்லூரியில் சான்று காட்ட முடியாமல் போனால் அந்த இடம் ரத்து.

வாய்தா_வக்கீல்

கணக்குப்பிள்ளை சொன்ன ஒதுக்கீட்டு முறையைக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரிதான், என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். பல் மருத்துவம் பற்றி ஒரு கேள்வி: எம்பிபிஎஸ் சாய்ஸ்களுக்குக் கீழே பிடிஎஸ் போட்டு வைப்பது பாதுகாப்பா?

கணக்குப்_பிள்ளை

பிடிஎஸ் படிக்க மனம் இருந்தால் மட்டும். "சும்மா கிடக்கட்டும்" என்று போட்டால் கிடைக்கும். கிடைத்தபின் சேராமல் விட்டால் விதிகள் கடிக்கும். எம்சிசியில் முதல் சுற்றில் கிடைத்துச் சேராவிட்டால் தண்டனை இல்லை. இரண்டாம் சுற்றில் சேராவிட்டால் வைப்புத்தொகை போகும். ஸ்ட்ரே சுற்றில் (மிச்ச இடங்களுக்கான கடைசிச் சுற்று) கிடைத்துச் சேராவிட்டால் பணமும் போகும், அடுத்த நீட் எழுதவும் தடை. தமிழ்நாட்டுச் சுற்றுகளுக்கான விதியை இந்த வருடக் கையேட்டில் வரிவரியாகப் படியுங்கள். இடையில் படிப்பை விட்டால் கட்ட வேண்டிய தொகையும் அதில்தான் இருக்கும்.

இன்னொரு கண்ணி, மேம்பாடு. முதல் சுற்றில் சேர்ந்துவிட்டு அடுத்த சுற்றில் மேலான இடம் வேண்டும் என்று விருப்பம் கொடுத்தால், புது இடம் கிடைத்த கணமே பழைய இடம் போய்விடும். "இதைவிட அதுவே நன்றாக இருந்தது" என்று திரும்ப முடியாது. எனவே அடுத்த சுற்றின் பட்டியலில் கையில் இருப்பதைவிட நிச்சயமாக மேலானவை மட்டும் இருக்கட்டும். எம்சிசியில் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகச் சாய்ஸ் போட வேண்டும், பழையது ஒட்டிக்கொண்டு வராது. அங்கே இடத்தை விடுவதாக இருந்தால் ராஜினாமாக் கடிதம் எம்சிசி தளம் வழியாக உருவானதா என்று பார்த்து வாங்குங்கள். கையால் எழுதிக் கொடுத்தது செல்லாது. தளத்தில் விலகல் பதிவாகாமல் நின்றால் மாநிலக் கவுன்சிலிங்கில் "ஏற்கெனவே சேர்ந்தவர்" என்று பெயர் வெளியே போய்விடும்.

தேரடி_வீதி

பட்டியல் போட்டுவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்: மெட்ராஸ் மெடிக்கல், ஸ்டான்லி, மதுரை, தஞ்சாவூர், கீழ்ப்பாக்கம், கோவை, திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி, திருநெல்வேலி, சேலம், புதுக்கோட்டை, பிறகு மீதி அரசுக் கல்லூரிகள், அதன்பின் தனியார் அரசு ஒதுக்கீட்டில் எட்டு. வெளிநாடு பற்றியும் ஒருவர் பேசினார், அதை விட்டுவிட்டோம்.

வார்டு_9

திருவாரூரையும் நாகப்பட்டினத்தையும் திருச்சி, திருநெல்வேலி, சேலத்துக்கு மேலே வைத்திருக்கிறீர்கள். திருநெல்வேலி தென் மாவட்டங்களுக்கே பெரிய மருத்துவமனை. மயிலிறகு சொன்னது போல வீட்டுக் காரணம் இருந்தால் விடுங்கள். இல்லையென்றால் அந்த மூன்றையும் மேலே தூக்குங்கள். புதுக்கோட்டையும் நாகப்பட்டினத்துக்கு மேலே போகட்டும். மீதி அரசுக் கல்லூரிகளை அகர வரிசையில் கொட்டாதீர்கள். உங்கள் ரேங்குக்கு உண்மையில் விழப்போவது அந்தப் பகுதியில்தான், முழு யோசனையும் அங்கே வேண்டும். மெட்ராஸ் மேலேயா ஸ்டான்லி மேலேயா என்பதில் ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு, அரியலூர், கள்ளக்குறிச்சி வரிசையை ஐந்து நிமிடத்தில் முடிக்காதீர்கள். அந்த ஏழெட்டுக் கல்லூரிகளில் முடிந்தவற்றுக்கு ஒருநாள் காலை நேரில் போய், புறநோயாளிகள் பிரிவு, மகப்பேறு வார்டு, பெண்கள் விடுதி மூன்றையும் பார்த்துவிட்டு இறுதி ஆண்டு மாணவர் ஒருவரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

வெளிநாட்டை விட்டது சரி. 2021 விதிப்படி 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, பாடம் ஆங்கிலத்தில், அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்கும் உரிமம் பெறத் தகுதி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, மீண்டும் 12 மாதப் பயிற்சி. இதில் ஒன்று குறைந்தாலும் இங்கே பதிவு கிடையாது.

பட்டியல்_பித்தன்

தனியார் எட்டில் இந்த வருட இட அட்டவணையைச் சரிபார்த்தீர்களா? தேசிய மருத்துவ ஆணையத்தின் அனுமதி சில கல்லூரிகளுக்குக் கடைசி நேரத்தில் வரும், சிலவற்றுக்கு இடம் குறையும். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் அட்டவணையைத் திரும்பப் பார்த்துப் புதிதாக வந்ததைச் சேருங்கள்.

போட்டு முடித்ததும் லாக் செய்யுங்கள். எம்சிசியில் நேரம் முடிந்தால் சேமித்தது தானாக லாக் ஆகும், ஆனால் சேமிக்காதது போய்விடும். கடைசி இரண்டு மணி நேரத்தில் தளம் மந்தமாகும், ஓடிபி தாமதமாகும். முந்தைய நாள் மாலையே முடித்து, லாக் ஆன பட்டியலை அச்செடுத்து, காகிதத்தில் எழுதி வைத்த வரிசையோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கும் கல்லூரிகளில் கல்லூரிக் குறியீட்டைப் பாருங்கள். அரசுக் கல்லூரி என்று நினைத்து அதே ஊரின் தனியார் கல்லூரியை மேலே ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

தேரடி_வீதி

திருநெல்வேலியை மேலே ஏற்றிவிட்டேன். திருவாரூர் புதுக்கோட்டைக்குக் கீழே. சனிக்கிழமை அரியலூர் போய்ப் பார்த்துவிட்டு மீதி வரிசையை இங்கே போடுகிறேன்.

வார்டு_9

காலை ஒன்பதுக்கு முன் போய்ச் சேருங்கள். பதினொரு மணிக்கு மேல் புறநோயாளிக் கூட்டம் கலைந்துவிடும். சனிக்கிழமையைவிடத் திங்கட்கிழமை நல்லது, வாரத்தில் அதிகக் கூட்டம் அன்றுதான்.